ஆளில்லாக் கோல்

ததேயு ஒரு வீடியோ கேம் செய்தார். அதை யாரும் ஆடவில்லை.

யாரும் என்றால் ஒருவர்கூட இல்லை என்று பொருளல்ல. மணற்குடியில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு போனில் இறக்கி வைத்துக்கொண்டார்கள். இறக்கி வைப்பது வேறு, ஆடுவது வேறு. கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொள்கிற எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை.

கேமின் பெயர் எட்டுக்கரை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் எட்டு ஊர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கால்பந்து லீக்கின் பெயரும் அதுதான். அணிக்கு ஏழு பேர். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் நடக்கும். மற்ற மாதங்களில் ஆட்டக்காரர்கள் ஆழ்கடலில் இருப்பார்கள். அந்தக் கரையில் தடைக்காலமும் மழையும் சேர்ந்தே வருவதால், காய்ந்த தரையில் பந்து எப்படி உருளும் என்பதை அந்த லீக் இன்றுவரை கண்டதில்லை.

ததேயு அந்த லீக்கின் ரெஃபரி. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வேலையிலும் அவருக்கு ஒரே குணம்தான். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி நடத்துவார்.

கேமை எப்படி ஓடவைப்பது என்று கேட்க மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு குடைக்கடையின் மாடியில் ஸ்ரீகலா இருந்தாள். அவருடைய வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பதைப் பற்றி அவள் ஒருமுறை ஒரு கேம் செய்தாள். ஜன்னல் சீட்டே இல்லாத நாடுகளில்கூட அதை ஆடினார்கள். பிறகு அவள் எதுவும் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "சீட் கெடச்சாச்சு, எதுக்கு நிக்கணும்?" என்றாள்.

அவளிடம் கேம் செய்யக் கற்றுக்கொள்ள நாலைந்து பேர் வருவார்கள். அவள் எதையும் கற்றுக்கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் வந்துகொண்டிருந்தார்கள். ததேயு அவளை ஆசான் என்று கூப்பிட்டார். வர்மமும் அடிமுறையும் சொல்லித்தருகிற பெரிய மீசைக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் வைத்திருக்கும் சொல் அது. முதல்முறை கேட்டபோது அவள் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மறுக்கவில்லை.

"ஆசான், இது எப்படி ஜெயிக்கும்?"

ஸ்ரீகலா போனை வாங்கினாள். புத்தன்கரை அணியை எடுத்துக்கொண்டாள். எதிரணியாக மணற்குடி வந்தது. திரையில் மழை பெய்தது.

"மழை நல்லாருக்கு," என்றாள்.

ததேயுவுக்கு முகம் மலர்ந்தது. மழைக்கு மட்டும் ஒரு வருடம் உழைத்திருந்தார்.

அவளுடைய ஆள் பந்தோடு ஓடினான். இரண்டு பேரைத் தாண்டினான். முன்னால் கோல் திறந்து கிடந்தது. அதில் யாரும் நிற்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். ஆள் காலைத் தூக்கினான், தயங்கினான், பந்தைத் திருப்பிப் பின்னால் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டான்.

"கோலி எங்க சார்?"

"இல்ல."

"தப்பா விட்டுப் போச்சா?"

"இல்ல. அப்படித்தான்."

மறுபடி ஓடினாள். மறுபடி அழுத்தினாள். ஆள் மறுபடி திரும்பிக்கொண்டான்.

"பந்து போகமாட்டேங்குது."

"போகப்பிடாது."

திரையின் ஓரத்தில் மணற்குடிக்காரர்களின் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் மட்டும் மங்கியிருந்தது. டன்ஸ்டன்.

"இது யாரு?"

"தங்கச்சி மகன்."

ஸ்ரீகலா விரலை எடுத்தாள். திரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"போன போட் திரும்பல," என்றார் ததேயு. "மூணு தடைக்காலம் ஆச்சு. யாரும் கெடைக்கல. பலகைகூடக் கெடைக்கல."

எட்டுக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரன் ஒருவன் கடலில் காணாமல் போனால் அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்துவதில்லை. அவன் வீட்டிலிருந்து ஒருவர் அவனுடைய ஆட்டச் சாமானை மைதானத்துக்குக் கொண்டுவந்து, அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை அணிக்கு ஆறு பேர்தான். முன்கள ஆட்டக்காரன் என்றால் ஆள் ஒன்று குறைவு, அவ்வளவுதான். கோலி என்றால் ஆட்டமே வேறு. எதிரணி அந்தக் கோலில் அடிக்காது. அவர்கள் அடிக்காதபோது நாம் அடிப்பது முறையில்லை என்று இவர்களும் அடிக்கமாட்டார்கள். ஆகவே மணற்குடி ஆடிய ஆட்டமெல்லாம் மூன்று பருவமாகப் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அதைப் பார்க்க இரண்டு ஊரும் மழையில் நனைந்துகொண்டு கடைசி விசில்வரை நிற்கும்.

இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. விதிப்புத்தகத்தில் இருந்தவற்றையெல்லாம் அந்தக் கரையில் எல்லாரும் ஒருமுறையாவது மீறியிருக்கிறார்கள்.

"எதிராளி அடிச்சா ஃபவுலா?"

"இல்ல."

"அடிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"கோல் குடுக்கணும். ரூல் அதாக்கும்."

"யாராவது அடிச்சிருக்காங்களா?"

"ஒருத்தன் அடிச்சான். இவனுக்கு முன்னால வேற ஒருத்தன் காணாமப் போன சமயம். நாகர்கோவில்லேருந்து கூட்டிட்டு வந்த பையன், வெவரம் தெரியாது. நான் விசில் ஊதி நடுக்கோட்டக் காட்டினேன். யாரும் அவன ஒண்ணும் சொல்லல. அவன் டீம்காரனுவ ஒருத்தனும் அவன்கிட்ட ஓடிவரல. கையத் தூக்கினவன் அப்படியே நின்னான். பெறவு அவனே போயி வலைக்குள்ள கெடந்த பந்த எடுத்துட்டு வந்தான். நெஞ்சோட சேத்துப் புடிச்சிட்டு நின்னான். கீழ வைல மக்கான்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அப்போ ஊர்ல அடிக்க முடியும்."

"முடியும்."

"அடிக்கிறதில்ல."

"இல்ல."

"இதுல?"

ததேயு போனைப் பார்த்தார்.

"இதுல அடிக்க முடியாது."

ஸ்ரீகலா போனைத் திருப்பிக் கொடுத்தாள். தட்டிலிருந்து ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸை எடுத்துக் கடித்தாள்.

"அப்போ அத எடுத்துடணுமா ஆசான்?"

"நான் எடுக்கச் சொல்லல. கேட்டேன்."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் ததேயு தன் தங்கையை நினைத்துக்கொண்டிருந்தார். கேமில் டன்ஸ்டனின் பெயரைப் போடலாமா என்று ரோஸ்லெட்டிடம் கேட்டபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "போடு. ஆனா அவன் எடத்துல யாரும் அடிக்கப்பிடாது," என்றாள். "முடியாது மக்கா, நான் அப்படி எழுதியிருக்கேன்," என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பந்தைத் தடுக்கும் அந்த வரிகளை அழித்தார். தங்கையிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார். அடிக்க முடியும், அடிக்கமாட்டார்கள். இருபது வருடமாக அவர் கண்ணால் கண்டது அதுதான். ஆளில்லாத கோலுக்கு முன்னால் நிற்கும் மனிதன் காலைத் தாழ்த்துவான். மழை மேலிருந்து கீழே விழும் என்பதைப்போல அதையும் அவர் உலகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரே கடற்கரையில் பிறந்து, அங்கேயே விசில் ஊதி, அங்கேயே ஓய்வு பெற்ற ஒருவருக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் முதலில் அடித்தான். மைதானத்தின் நடுவிலிருந்து ஒரே உதை. பந்து மழையில் மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்ததைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினான்.

எட்டுக்கரை ஓடத் தொடங்கியது.

குதிகாலால் அடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். ஒரே ஆட்டத்தில் யார் அதிகம் அடிப்பது என்று போட்டி வைத்தார்கள். மற்ற ஏழு ஊர்களை யாரும் சீண்டவில்லை. எல்லாருக்கும் மணற்குடிதான் வேண்டியிருந்தது. ஆளில்லாத இடத்தில் வெல்வதற்கு அவர்கள் பாஷைகளில் அதுவரை தனிச்சொல் இல்லை போலிருக்கிறது. திரை ஓரத்தில் மங்கிக் கிடந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். பரீட்சையில் சுலபமான கேள்வி வந்தால் டன்ஸ்டன். எதிர்த்தரப்பு வராமல் வழக்கு ஜெயித்தால் டன்ஸ்டன். ஒரு மனிதனின் பெயர் பொதுச்சொல்லாக மாறுவதைப் பெரும் புகழ் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் அந்த மனிதனின் தாய்மாமன் அல்ல.

ததேயு மறுபடி மார்த்தாண்டம் போனார். குடைக்கடையில் நல்ல வியாபாரம். படியேறவே இடம் இல்லை.

"அடிக்கானுவ ஆசான்."

"யாரு?"

"எல்லாரும்."

"கேம் ஓடுதுல்ல?"

"ஓடுது."

"ஜெயிக்கணும்னுதானே கேட்டீங்க?"

"இப்படியில்ல."

"ஜெயிக்கிறதுல எத்தன வகை சார் இருக்கு?"

ஸ்ரீகலா அவருக்குக் பாலில்லாத கட்டன் சாயா ஊற்றினாள்.

"உங்க ஊர்ல ஏன் அடிக்கிறதில்ல?"

"மரியாதயாக்கும்."

"வேற?"

"பாவம்லா."

"வேற?"

அந்தக் கேள்வியை அந்தக் கரையில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது கேள்வியே இல்லை. சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தடை முடிஞ்சா அவனும் போகணும்லா. கடலுக்கு. அடிக்கப் போறவன்."

"கேம்ல யாரு போறாங்க?"

ததேயு சாயாவை வைத்துவிட்டு எழுந்தார். கீழே போய் செருப்பை மாட்டியபிறகுதான் குடிக்கவில்லை என்று நினைவு வந்தது.

மூன்று மாதம் உட்கார்ந்து கேமுக்குள் கடலைக் கொண்டுவந்தார். இனி ஒரு பருவம் முடிந்தால் ஆட்டக்காரர்கள் கடலுக்குப் போவார்கள். அடுத்த பருவத்துக்கு எல்லாரும் திரும்புவார்கள் என்பதில்லை. நீங்கள் மாதக்கணக்கில் பழக்கி வளர்த்தவன், பெயர் வைத்தவன், உங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தவன் ஒருநாள் திரையில் மங்கிவிடலாம். காரணம் எதுவும் சொல்லப்படாது.

இனி அடிக்கமாட்டார்கள் என்று ததேயு நம்பினார்.

உலகம் கொதித்தது. எங்கள் ஆள் எங்கே என்று கேட்டார்கள். உழைப்பைத் திருடிவிட்டதாக எழுதினார்கள். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவன் மிக நீளமாக, மிக உருக்கமாக எழுதியிருந்தான். தன்னுடைய முன்களக்காரன் காணாமல் போனதிலிருந்து தூக்கம் வரவில்லை, அவன் இல்லாமல் இனி எப்படி மணற்குடிக்கு எதிராக அவ்வளவு கோல் அடிப்பேன் என்று. ததேயு அதைப் பாதிவரை கண்ணீரோடு படித்தார்.

கேமை விற்றுக்கொடுத்த கம்பெனிக்காரர் ஒருவர் போன் செய்தார். பெங்களூரில் இருந்த தமிழர். நல்ல மாதிரி.

"சார், கான்செப்ட் சூப்பர் சார். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஒரு பட்டன் மட்டும் வச்சிருங்க."

"என்ன பட்டன்?"

"கடல் வேணுங்கறவங்களுக்கு இருக்கட்டும். வேணாங்கறவங்க அணைச்சு வச்சுக்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க சார்."

கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தானே முதலில் அந்த வரிகளை அழித்தோம் என்று ததேயு நினைத்தார். பட்டனை வைத்தார். கடல்: உண்டு, இல்லை.

எல்லாரும் இல்லை என்பதை அழுத்தினார்கள்.

யாரும் கடலில் சாகாத ஒரு எட்டுக்கரை உலகத்தில் அமைந்தது. மண்ணுலகில் எந்த வேதக்காரரும் இதுவரை வாக்களிக்கத் துணியாத ஏற்பாடு. அதில் ஒரே ஒருவன் மட்டும் ஏற்கெனவே இல்லை. அவன் இடத்தில் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரோஸ்லெட்டுக்கு யாரோ போனில் காட்டினார்கள். அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, அவன் பேரச் சொல்லிச் சிரிக்கானுவ."

"அது ஆளு பேருன்னு அவனுவளுக்குத் தெரியாது மக்கா."

"தெரிஞ்சா சிரிக்கமாட்டானுவளா?"

ததேயு தரையைப் பார்த்தார்.

"அடிக்க முடியாதுன்னு சொன்ன."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"முடியாம வச்சிருந்தா அதுல மரியாத இல்ல. முடிஞ்சும் அடிக்காம இருந்தாத்தான்..."

"யாருக்கு மரியாத?"

ரோஸ்லெட் அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவர் அதன் திரையைத் துணி போட்டு மூடியிருந்தார். வீட்டில் சாவு விழுந்தால் கண்ணாடியை மூடுவார்களே, அந்த மாதிரி. அவள் போய்விட்டாள்.

தடைக்காலம் வந்தது. முதல் ஆட்டம் மணற்குடிக்கும் புத்தன்கரைக்கும். ததேயு பந்தை நடுவில் வைத்துவிட்டு, இருபுறமும் பார்த்தார். மணற்குடிப் பக்கம் ஆறு பேர். பின்னால் வெறும் கம்பங்கள். மழை சாய்ந்து பெய்தது.

விசிலை வாயில் வைத்தபோது ரோஸ்லெட் மைதானத்துக்குள் வந்தாள். ரெஃபரியின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. ததேயு விசிலைக் கீழே இறக்கினார்.

அவள் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதிலிருந்து டன்ஸ்டனின் கையுறைகளை எடுத்தாள். மாற்று ஆட்டக்காரர்களோடு ஓரத்தில் நின்றிருந்த ஷிபினைக் கூப்பிட்டாள். இரண்டு பருவமாக ஆடாமல் காத்திருந்த மாற்றுக் கோலி அவன். வந்தான். அவள் அவன் கைகளில் உறைகளை வைத்தாள். அவன் மாட்டிக்கொண்டான். கை சின்னது, விரல் நுனிகள் காலியாகத் தொங்கின.

இரண்டு ஊரும் மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றன.

திரும்பிப் போகும்போது ரோஸ்லெட் ததேயுவின் பக்கத்தில் நின்றாள்.

"அவன் இல்லன்னுதானே அண்ணா எல்லாரும் அடிக்கானுவ."

"மக்கா..."

"உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கு."

கோட்டைத் தாண்டி வெளியே போனாள். ஆட்டத்தைப் பார்க்க நிற்கவில்லை.

ததேயு விசில் ஊதினார். புத்தன்கரை மூன்று கோல் அடித்தது. முதல் கோலுக்கு யாரும் கை தட்டவில்லை. இரண்டாவதற்குச் சிலர் தட்டினார்கள். மூன்றாவதற்குப் புத்தன்கரைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி விழுந்து கத்தினார்கள். அது மறுபடி கால்பந்து ஆகியிருந்தது. ததேயு ஒவ்வொரு முறையும் கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டினார். எழுதியிருந்தபடி.

மறுநாள் அவர் மார்த்தாண்டம் போனார். மழைக்கோட்டைக் கழற்றாமலே மாடியில் போய் நின்றார். தரையெல்லாம் சொட்டியது.

"அவ கையுறயக் குடுத்துட்டா ஆசான்."

ஸ்ரீகலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவன் வருவான்னு இருந்தா. நாங்க யாரும் வரமாட்டான்னு சொன்னதில்ல. எட்டு ஊரும் சொன்னதில்ல. இப்போ அவளே சொல்லிட்டா. நான் செஞ்ச கேம் சொல்ல வச்சிட்டு."

"உக்காருங்க சார்."

"கேம்ல மட்டும் இன்னும் அவன் பேரு இருக்கு. அங்க வேற ஆள நிறுத்த எனக்குக் கை வரல. எடுக்கவும் கை வரல. மூடிரட்டா?"

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணுதான் கேக்குதேன் ஆசான். முன்னால கோல் தொறந்து கெடக்கு. ஆள் இல்ல. பக்கத்துல அவன் பேரு மங்கிக் கெடக்கு. செத்தவன் எடம்னு ஒரு கழுதைக்கும் புரியும். எப்படி மனசு வருது அவனுவளுக்கு?"

ஸ்ரீகலா யோசித்தாள்.

"ஒரு ஆட்டம் போடுவோமா சார்?"

"எனக்கு ஆட வராது. நான் ரெஃபரி."

"நீங்க செஞ்ச கேம்தானே? ஆடிப் பாத்ததில்லையா?"

"சரியா ஓடுதான்னு பாத்திருக்கேன். ஆடினதில்ல."

"அப்போ ஆடுங்க. நீங்க புத்தன்கரை. நான் உங்க ஊரு."

அவருக்கு மனமில்லை. ஆனாலும் ஆசான் சொன்னால் செய்வது என்று வைத்திருந்தார். போனை எடுத்தார். எதிரே அவள் தன் போனை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியதுமே அவள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி அவருடைய கோலில் அடித்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

"மணற்குடிக்காரன் அடிக்கமாட்டான் ஆசான்."

"எங்க எழுதியிருக்கு?"

மறுபடி பந்து. அவருடைய ஆள்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அவள் நடுவில் புகுந்து போனாள்.

"ரெண்டு. சார், உங்க கோலி தூங்குறான். எழுப்பி விடுங்க."

"இந்தப் பட்டன் எதுக்கு?"

"என்கிட்ட கேக்குறீங்க. நல்லாருக்கே."

ததேயு மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டார். முன்னால் குனிந்தார். அவள் மூன்றாவது அடித்தபோது வாய்க்குள் ஏதோ சொன்னார். வாத்தியார் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.

"என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆடும்."

"வாத்தியாரே, கால்ல ஆடணும். பெரம்பெடுத்து ஆடக்கூடாது."

"ஆடும்னேன்லா."

கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கட்டைவிரலுக்கு வழி பிடிபட்டது. பந்து சேற்றில் எங்கே நிற்கும், எங்கே சறுக்கும் என்பதை அவர்தானே கணக்குப் போட்டு எழுதியிருந்தார். இப்போது அந்தக் கணக்கு விரலுக்குத் தெரிந்தது. அவள் கொடுத்த ஒரு பந்து தண்ணீரில் தேங்கி நின்றது. அவருடைய ஆள் அதைத் தட்டிக்கொண்டு போனான்.

"போச்சே," என்றாள் ஸ்ரீகலா.

"இப்போ பாரும்!"

ஒருவனைத் தாண்டினார். இன்னொருவன் காலை நீட்டினான். பந்தை அவன் காலுக்கடியில் விட்டு எடுத்தார். இருக்கையின் நுனிக்கு வந்திருந்தார். நேரம் முடியப்போகிறது என்று திரை மினுக்கியது. முன்னால் திறந்த வெளி. அவர் விரல் அழுத்தியது.

பந்து போய் வலையில் விழுந்தது.

"கோல்!" என்று ததேயு எழுந்துவிட்டார். "கோல்! அடிச்சேன் பாத்தீரா! அடிச்சேன் ஆசான்!" இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. கீழே குடைக்கடைக்காரர், "மேல என்ன சத்தம்?" என்று கேட்டார்.

ஸ்ரீகலா தன் போனைத் தரையில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ததேயு திரையைப் பார்த்தார். வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அந்தப் பெயர் மங்கலாக இருந்தது. தூக்கிய கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்படித்தான் மனசு வருது சார்," என்றாள் ஸ்ரீகலா.